ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு வேண்டாமுங்க. ரோட்டைப் பார்த்துட்டே வந்தா கால் தானா பிரேக்கைத் தேடுது. பழகின காலு, சொன்னாக் கேக்காது.

கரூருங்களா? நான் திருச்சி. பஸ்ல ஏறி நெம்ப வருசமாச்சுங்க. கோயமுத்தூர்ல பழைய கார் வெச்சிருக்கறவங்க சேர்ந்து ஒரு சங்கம் நடத்தறோம், கேள்விப்பட்டிருப்பீங்க. கொங்கு பழங்கார் சங்கம். கேள்விப்பட்டதில்லீங்களா? பரவாயில்ல. அதுக்குச் செயலாளர் நான்தானுங்க, நாச்சிமுத்து. கார் சங்கத்துச் செயலாளர் பஸ்ல போறானேன்னு பார்க்கறீங்க. போறனுங்க. போக வெச்சுட்டாங்க.

என்ற வண்டி பியட்டுங்க. பால் வெள்ளை. பார்த்தீங்கன்னா இன்னைக்கு ஷோரூம்ல இருந்து இறக்கின மாதிரி இருக்கும். போன வாரம் கார்பரேட்டர் போயிருச்சு. அந்தக் காலத்து வண்டிக்கு இப்ப எங்கீங்க கார்பரேட்டர் கிடைக்குது? திருச்சியில ஒரு பழைய சாமான் கடையில இருக்கலாம்னு மெக்கானிக்கு சொன்னான். இருக்கலாம்னுதான் சொன்னான், இருக்குதுன்னு சொல்லல. அதுக்குத்தான் போறேன்.

கோயமுத்தூர்ல இல்லையான்னு கேக்கறீங்க. இருக்குதுங்க. இல்லைன்னு நான் சொல்லலையே. என்ற வீட்டுக்கு மூணாவது தெருவுல ஒருத்தன் எண்ணெய்த் துணி சுத்தி அலமாரியில வெச்சிருக்கறான். என்ற கண்ணால பார்த்திருக்கேன். கேட்டா அந்த நிமிசமே எடுத்துக் குடுத்துருவான். கேக்கோணுமில்லீங்க? நான் எதுக்குங்க கேக்கோணும்?

அவன்தான் சிகாமணி. தெய்வசிகாமணி. சங்கத்துத் தலைவர். தலைவர்னா, நானும் அவனும்தான் சங்கத்தை ஆரம்பிச்சோம். பெட்ரோல் பங்குல ஒரு நாள் என்ற பியட்டும் அவன் ஹெரால்டும் பக்கத்துல பக்கத்துல நின்னுக்கிட்டு ரெண்டும் ஸ்டார்ட் ஆகமாட்டேன்னுச்சு. முதல்ல நான் அவன் வண்டியத் தள்ளினேன். அது கிளம்பிருச்சு. கிளம்பின வண்டிய மறுபடி நிறுத்திட்டு வந்து அவன் என்ற வண்டியத் தள்ளறான். நிறுத்தினதுல அவன் வண்டி மறுபடி நின்னுபோச்சு. இப்புடியே மாத்தி மாத்தித் தள்ளினோம். பங்குக்காரன் சிரிச்சு உருண்டான். அன்னைக்குப் பிடிச்ச சிநேகம். ஒருத்தன் வீட்டுக் கலியாணத்துல இன்னொருத்தன்தான் பந்தி விசாரிப்பான். அப்புடி இருந்தோம்.

ஆனா பாருங்க, அவனுக்கு நிர்வாகம் தெரியாது. அதை நான் எப்பவும் சொல்லுவேன், இப்பவும் சொல்லுவேன்.

சங்கத்துல அவன் போட்டு வெச்ச வழக்கம் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எல்லாரும் ஊர்வலமாப் போறப்ப எந்த வண்டி நெம்ப மெதுவோ அதுதான் முன்னாடி போகோணும். அது அவன் ஹெரால்டுதான். அப்புறம், ஒவ்வொருத்தரும் கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டியப் பார்த்துட்டே ஓட்டோணும். பின்னாடி வண்டி நின்னா நீயும் நில்லு. அப்ப உனக்கு முன்னாடி போறவனும் நிப்பான். ஒரு வண்டி நின்னா மொத்தச் சங்கமும் நிக்கோணும். இது ஒரு ஒழுங்குங்களா? ஊட்டிக்குப் போறேன்னு கிளம்பிப் பொழுதோட பர்லியாறுல நின்னு போண்டா தின்னுட்டுத் திரும்பி வந்திருக்கறோம். அதை இன்னும் பேசிப் பேசிச் சிரிக்கறாங்க. சிரிக்கற விசயமா அது?

நான் அப்புடி வளர்ந்தவன் இல்லீங்க. பஞ்சு மில்லுல லேபர் ஆபீசரா இருந்தவன். ஆயிரக்கணக்கான ஆளுங்க. எல்லாரையும் நான் கட்டி மேய்ச்சது எதை வெச்சுன்னு நினைக்கறீங்க? நோட்டீஸ் போர்டு. கண்ணாடிக் கதவு போட்டு, பூட்டு போட்ட போர்டு. சாவி என்கிட்ட. ஷிப்டு மாத்தமா, ஒட்டு. லீவு கிடையாதா, ஒட்டு. அந்த போர்டுக்கு முன்னாடி நின்னு ஒருத்தனும் எதிர்த்துப் பேசினதில்ல. கடைசியில மில்லை மூடற நோட்டீஸையும் நான்தான் ஒட்டினேன். அத்தனை பேரும் வந்து படிச்சாங்க. ஒரு சத்தம் இல்லீங்க. அப்புடியே திரும்பி நடந்து போனாங்க. அவ்வளவு கட்டுப்பாடு. இன்னைக்கு நினைச்சாலும் புல்லரிக்குது.

சரி, விசயத்துக்கு வர்றேன். சங்கத்துக்கு இந்த வருசம் வெள்ளி விழா. சும்மா நாலு பேர் கூடி டீ குடிச்சுட்டுப் போற காரியமில்ல. எல்லாரும் என்ற மேல பொறுப்பைப் போட்டாங்க. போட்டாங்கன்னா, நான் எடுத்துக்கிட்டேன். யாராவது எடுக்கோணுமில்லீங்க?

சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்குது. நீங்க அந்தக் கூத்தைப் பார்த்திருக்கோணும். காலையில எந்திரிச்சா ரோசாப்பூப் படம் போட்டு வணக்கம். ஒருத்தர் பழனி போயிட்டு வந்த போட்டோ. ஒருத்தருக்குக் கேஸ்கெட் வேணும், இன்னொருத்தர் என்கிட்ட இருக்குதுங்கறாரு, மூணாவது ஆள் ரெண்டு பேரையும் வாழ்த்தறாரு. ஜெசிந்தா டீச்சர்னு ஒரு அம்மா, அவங்கப்பா வெச்சுட்டுப் போன மோரிஸ் மைனர் ஓட்டறாங்க, அவங்க தினம் ஒரு விடுகதை போடுவாங்க. சிகாமணி அதுக்கெல்லாம் ஒத்தை விரல்ல எழுத்துக் கூட்டிப் பதில் போட்டுட்டு உக்காந்திருப்பான், தப்புத் தப்பா. இதுக்கு நடுவுல என்ற அறிவிப்பு எங்கீங்க நிக்கும்?

மாப்பிள்ளைகிட்டக் கேட்டேன். குரூப்ல அட்மின் மட்டும் எழுதற மாதிரி வைக்கலாம் மாமான்னு சொன்னாரு. வைங்கன்னேன். அட்மின் நான் ஒருத்தன்தான். அன்னையோட ரோசாப்பூ போச்சு, கேஸ்கெட் போச்சு, விடுகதை போச்சு. குரூப்பு கழுவி விட்ட வாசல் மாதிரி ஆயிருச்சுங்க. அதுக்கப்புறம் நான் எழுதறதுதான். எல்லாரும் படிச்சதுக்கு நீலக் கோடு விழுகும். எனக்கு மில்லு ஞாபகம் வந்துருச்சு.

ஜனநாயகம் இல்லாம நான் எதுவும் செய்யலீங்க. அதைச் சொல்லிப் போடறேன். ஒவ்வொரு அறிவிப்புக்கும் அடியில, 'ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்' அப்படின்னு தெளிவாப் போட்டேன். ஊர்வலம் எங்க ஆரம்பிக்குது, யாரு எந்த நிறத்துச் சட்டை, எந்த வண்டிக்குப் பின்னாடி எந்த வண்டி, எல்லாம் போட்டேன். ஒருத்தர் கூட ஆட்சேபிக்கலீங்க. ஒருத்தர் கூட! அவ்வளவு ஒற்றுமை. அறிவிப்புக்குக் கீழ மூஞ்சிப் பொம்மை மட்டும் போடலாம் போல. கண்ணுல தண்ணி கொட்டற பொம்மை நெம்பப் பேர் போட்டிருந்தாங்க. வெள்ளி விழா பாருங்க, உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. ஜெசிந்தா டீச்சர் மட்டும் மூஞ்சி செவந்த பொம்மை ஒண்ணு போட்டாங்க. அந்தம்மா கை தவறிப் போட்டிருக்கும்னு விட்டுட்டேன்.

என்ற திட்டத்துல ஒரே ஒரு மாத்தம்தானுங்க. ஹெரால்டு முன்னாடி போனா எப்பப் போய்ச் சேருறது? சிறப்பு விருந்தினரா ஓய்வு பெற்ற ஆர்.டி.ஓ ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கேன். அவரைக் காக்க வைக்க முடியுங்களா? அதனால செயலாளர் வண்டி முன்னாடி, தலைவர் வண்டி கடைசியில. அவமரியாதையா இல்லீங்க, மரியாதையாத்தான். எல்லாரும் மண்டபத்துல வரிசையா நின்னப்புறம், பேண்டு வாசிக்க, பூத் தூவ, ஹெரால்டு கடைசியா வந்து இறங்கோணும். ராசா மாதிரி. அவனுக்குத் தரோணும்னு 'நட்புச் செம்மல்'னு ஒரு கேடயம் கூட நானே வாசகம் எழுதிச் செய்யச் சொன்னேன். எனக்கு அவன் மேல அவ்வளவு ஆசைங்க.

அவன் என்ன பண்ணினான் தெரியுங்களா? ஒரு நாள் பொழுதோட வீட்டுக்கு வந்தான். என்ற சம்சாரம் வள்ளிநாயகி காபி குடுத்தா. குடிச்சுட்டு மெதுவா ஆரம்பிக்கறான்.

"நாச்சி, கிளம்பறதுக்கு முன்னாடி எல்லா வண்டியும் என்ஜினைப் போட்டுட்டு நிக்கோணும்னு போட்டிருக்கறயே..."

"ஆமா. மேல இருந்து ட்ரோன்ல படம் பிடிக்கறாங்க. எல்லா லைட்டும் எரியோணும், எல்லாப் புகையும் தெரியோணும்."

"என்ற வண்டி வெயில்ல அவ்வளவு நேரம் நின்னா தண்ணி கொதிச்சுரும்டா. அதும் கடைசியில வந்தா, கொதிச்சு நின்னாலும் உனக்குத் தெரியாது."

"சிகாமணி, இதை நீ என்கிட்ட வீட்டுல வந்து சொல்லக் கூடாது. குரூப்ல சொல்லு. நாலு பேருக்குத் தெரியற மாதிரி முறையாச் சொல்லு."

"குரூப்ல சொல்ல முடியலையேடா."

"அப்ப உனக்குப் போனு தெரியல. பேரன்கிட்டக் கத்துக்க."

அவன் சிரிச்சான். வள்ளிநாயகிகிட்ட, "காபி நல்லா இருந்துச்சும்மா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். இவ உடனே என்ற மேல பாயறா. "அந்தண்ணன் என்னமோ சொல்ல வந்தாரு, நீங்க பேசவே விடலயே." பேச விடலையாம்! குரூப்ல பேசுன்னு சொன்னவன்கிட்டச் சொல்றா. இவங்களுக்கெல்லாம் முறைன்னா என்னன்னே தெரியாதுங்க.

டிக்கெட்டு எடுத்துட்டனுங்க கண்டக்டர், இதோ இருக்குது. சில்லறை அப்புறம் குடுங்க. கல்லக்காய் சாப்பிடறீங்களா? வறுத்த கடலைதான். எடுத்துக்குங்க, வள்ளிநாயகி போட்டுக் குடுத்தா. என்ன கோவம் இருந்தாலும் இதுக்குக் குறை வைக்கமாட்டா.

விழா அன்னைக்கு, அடடா, ரேஸ் கோர்ஸ்ல நீங்க பார்த்திருக்கோணும். அம்பாசிடரு, காண்டசா, ஜீப்பு, எல்லாம் துடைச்சுப் பளபளன்னு வரிசையா நிக்குது. எல்லா என்ஜினும் ஓடுது. மேல ட்ரோன் சுத்துது. வெயில்தான் சித்த அதிகம். சனங்க கூடி நின்னு பார்க்குது. நான் வரிசை நெடுக நடந்து ஒவ்வொருத்தருக்கும் வணக்கம் சொன்னேன். கடைசியில சிகாமணி பானெட்டைத் திறந்து வெச்சுட்டுத் தண்ணிக் குடத்தோட நின்னுட்டிருந்தான். "பானெட்டை மூடு, படத்துல அசிங்கமா இருக்கும்"னேன். மூடிட்டான்.

கிளம்பினோம். சத்தி ரோட்டுல அன்னூர் தாண்டி ஒரு மண்டபம். என்ற வண்டிதான் முன்னாடி. பின்சீட்டு பூராக் கேடயமும் கேக்கு டப்பாவும் அடுக்கினதுல வள்ளிநாயகிக்கு இடமில்ல, அவ டீச்சர் வண்டியில ஏறிட்டா. பின்னாடிக் கண்ணாடி முழுக்க 'வெள்ளி விழா'ன்னு பேனர் கட்டியிருந்தேன். ரோட்டுல போறவங்க எல்லாரும் படிச்சாங்க. உள்ள இருந்து கண்ணாடியில பார்த்தா பேனரோட பின்பக்கத் துணிதான் தெரியும். தெரியாட்டி என்னங்க? முன்னாடி போறவன் முன்னாடிதான் பார்க்கோணும். போனையும் அணைச்சுட்டேன். ஊர்வலத்துல போனை அணைக்கோணும்னு அறிவிப்புப் போட்டதே நான்தான், நானே மீறலாமுங்களா?

எத்தனை சுகமான பயணம் தெரியுங்களா. கணபதி, சரவணம்பட்டி, கோவில்பாளையம். ஆரன் சத்தம் இல்ல, நெருக்கடி இல்ல. பின்னாடி ஒருத்தர் கூட முந்தப் பார்க்கல. என்ன ஒரு கட்டுப்பாடுன்னு நினைச்சுட்டே ஓட்டினேன். இருவத்தஞ்சு வருசத்துல ஒரு தடவை கூட இப்புடி நிக்காமப் போனதில்ல. மண்டபத்து வாசல்ல திரும்பினேன். பேண்டுக்காரங்க எடுத்து வாசிச்சாங்க. பூத் தூவினாங்க. ஆர்.டி.ஓ ஐயா எந்திரிச்சு நின்னு கை தட்டினாரு. நான் இறங்கித் திரும்பிப் பார்க்கறேன்.

ஒரு வண்டி இல்லீங்க.

ரோடு நெடுக ஒண்ணுமில்ல. ஒரு ஆட்டு மந்தைதான் போயிட்டிருக்குது.

"மத்த வண்டிங்க?"ன்னு கேட்டாரு ஐயா.

"வந்துட்டே இருக்குறாங்கய்யா"ன்னு சொன்னேன். பொய் சொல்லலீங்க. நான் அப்புடித்தான் நினைச்சேன்.

சித்த நேரம் பார்த்தோம். அப்புறம் நிகழ்ச்சி நிரல்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? அதை எவனுக்காகவும் நிறுத்தக் கூடாது. ஆரம்பிச்சுட்டேன். வரவேற்புரை நான்தான். "இங்கே கடல்போல் திரண்டிருக்கும் சங்க உறுப்பினர்களே"ன்னு எழுதியிருந்தேன், அப்படியே படிச்சேன். எழுதினதை மாத்தறது எனக்குப் பழக்கமில்ல. பேண்டுக்காரங்க ஏழெட்டுப் பேர் முன்வரிசையில உக்காந்து கேட்டாங்க. அடுத்தது விருது. 'சிறந்த ஒருங்கிணைப்பாளர்' விருது. அதை யாருக்குன்னு கேக்காதீங்க. கமிட்டியில முடிவு பண்ணினது. கமிட்டின்னா நானும் சிகாமணியும்தான், அவன் அன்னைக்கு வரல. ஐயா என்கிட்டக் கேடயத்தைக் குடுத்துட்டு, "எதை ஒருங்கிணைச்சதுக்குங்க?"ன்னு மெதுவாக் கேட்டாரு. நெம்ப நகைச்சுவையான மனுசன்.

அப்பத்தான் ஜெசிந்தா டீச்சர் வூட்டுக்காரரு அந்தோணிராஜ் பைக்குல வந்து இறங்கறாரு. யாருகிட்டயோ இரவல் வாங்கின பைக்கு. சட்டையெல்லாம் வேர்வை. மேடைக்குக் கீழ நின்னு சொல்றாரு.

"சார், கோவில்பாளையம் தாண்டி அண்ணன் வண்டி கொதிச்சு நின்னுபோச்சு. எல்லாரும் நின்னுட்டோம். உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், போன் போகல. குரூப்லயும் எழுத முடியல. வாங்க சார், போலாம்."

"எங்க போறது? விழா இங்கதானுங்க."

"சிகாமணியண்ணன் நீங்க வராம எதையும் ஆரம்பிக்கக் கூடாதுங்கறாரு. புளியமரத்தடியில எல்லாரும் உக்காந்திருக்கறோம். நீங்க வந்தாத்தான்னு சொல்லிட்டாரு."

"அவரை நிரல்படி இங்க வரச் சொல்லுங்க."

"வண்டி வராதுங்க சார்."

"அப்ப மத்த வண்டியெல்லாம் வரலாமில்ல?"

அந்தோணிராஜ் என்னைய ஒரு மாதிரி பார்த்தாரு. "அண்ணனை விட்டுட்டா?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு.

அதுக்குள்ள ஆர்.டி.ஓ ஐயா எந்திரிச்சுட்டாரு. "ஹெரால்டுங்களா? எங்கப்பா வெச்சிருந்தாரு. சித்த போய்ப் பார்த்துட்டு வந்தர்றேன்"னு சால்வையோட பைக்குப் பின்னாடி ஏறி உக்காந்துட்டாரு. சிறப்பு விருந்தினருங்க! போனவரு போனவருதான். அவரு போனதும் பேண்டுக்காரங்க, "ஐயா அங்க இருக்காருன்னா நாங்களும் அங்கதானுங்களே வாசிக்கோணும்"னு வேன்ல ஏறிட்டாங்க. சமையல்காரன் வந்து, சனங்க அங்கதானே பசியோட இருக்குதுன்னு அண்டாவெல்லாம் டெம்போவுல ஏத்திட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? கேட்டான். நான் பதில் சொல்லல. அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டான். என்ன அநியாயமுங்க இது? வாயைத் திறக்கலைன்னா சம்மதம்னு அர்த்தமா?

மைக்செட்டுக்காரரு மட்டும் இருந்தாரு. அவரும் ஒயரைச் சுருட்டறதுக்காகத்தான். நன்றியுரை பாக்கி இருந்துச்சு. படிச்சேன். பூராப் படிச்சேன். கடைசியில தேசிய கீதமும் போடச் சொன்னேன். ரெண்டு பேரும் நின்னோம்.

ஏனுங்க, நான் பண்ணினதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க. இல்ல இல்ல, சொல்ல வேண்டாம், கேளுங்க.

அடுத்த நாள் பேப்பர்ல படம் வந்துருச்சு. ரோட்டோரம் புளியமரத்தடியில அத்தனை வண்டியும் நிக்குது. 'ஒரு கார் நின்றது, முப்பது கார்கள் நின்றன'ன்னு தலைப்பு. நடுவுல ஹெரால்டு பானெட்டைத் திறந்துட்டு நிக்குது. ஆர்.டி.ஓ ஐயா சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டுத் தண்ணி ஊத்தறாரு. டீச்சர் இலையில சாப்பாடு போடறாங்க. வள்ளிநாயகி, என்ற சம்சாரம், வாயெல்லாம் பல்லா நிக்கறா. கலியாணத்து அன்னைக்குக் கூட அப்புடிச் சிரிச்சதில்ல. சிகாமணி மட்டும் சிரிக்கல. அவன் எல்லாருக்கும் முன்னாடி வந்து ரோட்டோரம் நின்னு அன்னூர் பக்கமே பார்த்துட்டு நிக்கறான். அவன் எதுக்கு அந்தப் பக்கம் பார்க்கறான்னு எனக்குப் புரியலீங்க. போட்டோ எடுக்கறவன் இந்தப் பக்கம் நிக்கறப்ப.

வெள்ளி விழாப் படம். அதுல செயலாளர் இல்ல. எனக்கு எப்புடி இருந்திருக்கும்? சொல்றதுக்கு என்னங்க வெக்கம், பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதனுங்க.

சிகாமணி அன்னைக்குப் பொழுதோடவே வீட்டுக்கு வந்தான். "தூங்கறாருன்னு சொல்லு"ன்னு வள்ளிநாயகிகிட்டச் சொன்னேன். அவ, "தூங்கறாருன்னு சொல்லச் சொன்னாருங்கண்ணா"ன்னு அப்படியே போய்ச் சொல்றா. மறுபடி வந்தான். மறுபடி. போன் மேல போனா அடிச்சான். மாப்பிள்ளைகிட்டச் சொல்லி அவன் நம்பர்ல இருந்து எதுவும் வராத மாதிரி வைக்கச் சொல்லிட்டேன். சங்க விசயமா இருந்தா குரூப்ல பேசட்டும். அங்கதான் பேசோணும். அதுதான் முறை.

அப்புறம் ஒவ்வொருத்தரா குரூப்ல இருந்து வெளியே போக ஆரம்பிச்சாங்க. அதுக்கும் கண்டிச்சு அறிவிப்புப் போட்டேன். 'உறுப்பினர்கள் முன் அனுமதியின்றி வெளியேறுவதைத் தவிர்க்கவும். ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்.' அன்னைக்குப் பாதிப் பேர் போயிட்டாங்க. புதுசா வேற குரூப்பு ஆரம்பிச்சிருக்கறாங்க போல. எனக்கு எப்புடித் தெரியுமா? வள்ளிநாயகி அதுல இருக்கறா. காலையில போனைத் திருப்பி வெச்சுக்கிட்டு விடுகதைக்கு விடை யோசிக்கறா. என்னைய ஒண்ணும் கேக்கறதில்ல, நானும் கேக்கறதில்ல.

நான் மட்டும் விடலீங்க. இன்னைக்கு வரைக்கும் தினம் ஒரு அறிவிப்புப் போடறேன். மழைக்காலத்துல வைப்பர் மாத்தறது, பேட்டரிக்குத் தண்ணி விடறது. போன வாரம் என்ற வண்டி நின்னுபோச்சுன்னு கூடப் போட்டேன். செயலாளர் வண்டி பழுது, சங்கப் பணிகள் தாமதமாகும்னு. தினமும் நீலக் கோடு விழுகுதுங்க. யாரோ படிக்கறாங்கன்னுதானே அர்த்தம்? இந்தாங்க, நீங்களே பாருங்க. கண்ணாடி பைக்குள்ள இருக்குது, எனக்குப் பஸ்ஸு ஆட்டத்துல எழுத்துத் தெரியாது. உள்ள யார் யார் இருக்குறாங்கன்னு மேல அமுக்கினா காட்டும்னு மாப்பிள்ளை சொன்னாரு.

யாருங்க? நானு. அப்புறம்?

தெய்வசிகாமணியா. வேற? வேற ஆளே இல்லீங்களா?

ஓ.

அவன் மட்டும் போகலையாக்கும். அது வேறொண்ணுமில்லீங்க, அவனுக்குப் போகத் தெரியாது. போனு பத்தி ஒண்ணுந் தெரியாது. நான்தான் சொன்னேன்ல? வெளியே போற பட்டன் எதுன்னு தெரியாம முழிச்சுட்டு இருந்திருப்பான். பாவம். அப்ப அத்தனை நாளா அந்த நீலக் கோடு எல்லாம்... சரி, விடுங்க. பேட்டரிக்குத் தண்ணி விடறது எப்புடின்னு அவனுக்கா நான் சொன்னேன்? நான் பேட்டரியத் தொடறதையே அவன்கிட்டத்தான் கத்துக்கிட்டேன்.

என்னங்க பண்றீங்க? எதை அமுக்கறீங்க? எல்லாரும் எழுதலாம்னு மாத்தினீங்களா? ஐயோ, உங்களை யாருங்க மாத்தச் சொன்னது? ஒரு மனுசன் நம்பிக் கையில போனைக் குடுத்தா... மூடுங்க. பழையபடி வைங்க. அவனுக்குத் தெரிஞ்சுதுன்னா இனி நிறுத்தவே மாட்டான். உங்களுக்கு அவனைத் தெரியாது.

அதென்ன சத்தம்?

அவனா? அதுக்குள்ளயா? என்ன போட்டிருக்கறான், படிங்க.

'நாச்சி இப்ப வருதா'.

அவ்வளவுதானா? வேற ஒண்ணுமில்லீங்களா? பார்த்தீங்களா, பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல. இதுக்குத்தானுங்க மூடி வெச்சது. ஒரு விசயம் உண்டா, ஒரு முறை உண்டா. சங்கத்துக் குரூப்ல போடற செய்தியா இது? மூடிருங்க.

சித்த இருங்க. மேல என்னமோ காட்டுது பாருங்க. இன்னும் எழுதிட்டிருக்கறானா?

கரூரு வந்துருச்சுங்களா? நீங்க இறங்கோணுமே. இறங்குங்க, இறங்குங்க, போனை இப்புடிக் குடுங்க. கண்ணாடி பைக்குள்ளதான் இருக்குது, நானே பார்த்துக்கறேன். அவன் ஒத்தை விரல்ல அடிக்கறவன், நேரமாகும். எழுதட்டும். அவன் எழுதி முடிச்சதும் மூடிக்கலாமுங்க.